ஆறப் பொறுத்தல்

செஞ்சிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலைகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறைக் குவியல்கள். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறைகள் நள்ளிரவு வரை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். வாசலில் பாய் போட்டுப் படுத்தால் மலைப் பக்கத்துக் காற்று அடுப்பங்கரைக் காற்று மாதிரி முகத்தில் அடிக்கும். தூக்கம் வராமல் நானும் தம்பியும் புரண்டுகொண்டிருப்போம். "மல இன்னும் ஆறல. அது ஆறுனாத்தான் நமக்குத் தூக்கம்" என்பார் அப்பா. பொழுது சாய்ந்ததுமே மண் குளிர்ந்துவிடும், கூரை குளிர்ந்துவிடும், கிணற்றடி குளிர்ந்துவிடும். மலைக்கு மட்டும் நேரம் ஆகும்.

எனக்கு இப்போது 74 வயது. 2025 ஜூலையில் எங்கள் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலத்துப் 12 கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டிலிருந்து எங்களுடையது ஒன்று. அன்று பேத்தி போனில் வாழ்த்துச் சொன்னாள். எனக்கும் பெருமைதான். ஆனால் நான் எழுத வந்தது என் சமையற்கட்டு அலமாரியில், ஒன்றரைச் சாண் உயரத்தில் நிற்கும் ஒரு கல்லைப் பற்றி.

அது ஒரு ஜாடி. பழுப்பு நிறம், தோள்பட்டையிலிருந்து பச்சையும் சாம்பலுமாக வழிந்து பாதியில் நின்றுபோன பூச்சு. மூடி ஒரு பக்கம் இம்மியளவு தூக்கிக்கொண்டிருக்கும். தூக்கிப் பார்த்தால் நினைத்ததைவிடக் கனக்கும். விரலால் சுண்டினால் மண்பானை மாதிரி 'தொம்' என்று சொல்லாது, வெண்கலக் கிண்ணம் மாதிரி 'ணங்' என்று சொல்லும். பேத்தி இதை 'ஸ்டோன்வேர்' என்கிறாள். பேர்தான் புதிது. நம் பாட்டிமார் உப்பு நாரத்தையும் ஆவக்காயும் போட்டு வைத்த, மேலே பழுப்பும் கீழே சந்தன நிறமுமான ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, நாம் பீங்கான் என்று சொல்லி வந்தோமே, அதில் பெரும்பாலானவை இந்த இனம்தான். பர்மாவின் மர்த்தபான் துறைமுகம் வழியாக வந்து 'மர்த்தபான்' என்றே பேர் வாங்கிய பெரிய ஜாடிகளும் இதற்கு உறவு.

மண்பானை குறைந்த சூட்டில் வேகும். எழுநூறு, எண்ணூறு டிகிரி. அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதனால்தான் தண்ணீர் கசிந்து, ஆவியாகி, உள்ளே குளிர்கிறது. ஸ்டோன்வேருக்கு 1,280, 1,300 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் மண்ணுக்குள் இருக்கும் சில பொருள்கள் உருகி, மற்றவற்றின் இடுக்குகளில் புகுந்து, எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். பூச்சே இல்லாவிட்டாலும் பிறகு அதற்குள் தண்ணீர் புகாது.

இதில் என்னைப் போட்டு ஆட்டிவைத்த சங்கதி ஒன்று உண்டு. உருகுகிற பொருளில் முக்கியமானது ஃபெல்ஸ்பார் என்கிறார்கள். நம் மலைப் பாறையில் வெளுப்பும் இளஞ்சிவப்புமாகத் தெரிகிறதே, அந்தப் பகுதி. பக்கத்தில் கண்ணாடி மாதிரி மின்னுவது வெங்கச்சங்கல். லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து ஃபெல்ஸ்பார் மக்கித்தான் களிமண் ஆகிறது. கல் மக்கி மண்ணாகிறது, குயவர் அந்த மண்ணை எடுத்து வனைகிறார், நெருப்பு அதைத் திரும்பவும் கல்லாக்குகிறது. மலைக்கு லட்சம் ஆண்டு பிடித்த வேலையைச் சூளை மூன்று நான்கு நாளில் திருப்பிச் செய்கிறது. இதைக் கேட்ட நாளிலிருந்து ராஜகிரியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெரிய ஜாடியைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது எனக்கு.

எங்கள் மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு கீழே இறங்கி வில்லியனூர் வழியாகப் பாண்டிச்சேரிக் கடலுக்குப் போகிறது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலையில் வி. கே. முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆற்றைப் போலவே எங்கள் கல்லும் பாண்டிக்குப் போயிருக்கிறது. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. அங்கேயிருந்து பஸ்ஸில், என் மடியில், ஒரு கல் திரும்பி வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பாண்டிச்சேரியில் இந்தக் கைத்தொழில் வேர் பிடித்தது 1971-ல். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் ஆதரவில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அந்த அம்மாள் ஜப்பானில் இந்தக் கலையைப் பயின்றவர். ரே மீக்கர் கலிபோர்னியாவில் கட்டடக்கலையும் மண்கலையும் படித்தவர். சொந்த நாட்டை விட்டு வந்து, வந்த இடத்து மண்ணைக் கையில் எடுத்து, இந்தக் கரையோரத்துச் சவுக்கு விறகை எரித்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்ட பட்டறை அது. சுற்றுக் கிராமங்களின் இளைஞர்கள் அங்கே திருகையில் உட்காரக் கற்றார்கள். ஆதில் ரைட்டர் மாதிரி வெளியூர்களிலிருந்து வந்து படித்தவர்கள் ஆரோவில்லில் தங்கிப் பட்டறை நடத்தினார்கள். இன்று பாண்டியைச் சுற்றி எத்தனையோ சின்னப் பட்டறைகள். வாழ்க்கைப்பட்டுப் போன ஊரின் உப்புப் புளியைக் கற்றுக்கொண்டு, பிறகு அந்த வீட்டுச் சமையலுக்கே பேர் வாங்கித் தருகிற மருமகளை எனக்குத் தெரியும். அந்த அமெரிக்கர்களை நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

ரே மீக்கர் செய்த ஒரு வேலை என்னை மலைக்க வைத்தது. 1980-களின் நடுவில் அவர் பச்சை மண் கல்லால் வீடே கட்டி, அதற்குள் செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். நாள்கணக்கில் எரிந்து, நாள்கணக்கில் ஆறி, பிறகு அதில் ஆட்கள் குடிபோனார்கள். நெருப்பு வைக்கிற துணிச்சலை எல்லாரும் வியக்கிறார்கள். நான் வியந்தது அந்த வீடு ஆறுகிறவரை வெளியே நின்ற பொறுமையை.

நெருப்பும் பொறுமையும் என் பிழைப்பாகவே இருந்தவை. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது நான் அமைப்பாளராகச் சேர்ந்தேன். அண்டா நிறையச் சோறு வடித்து இறக்கியதும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் சின்னதுகள் நாக்கைச் சுட்டுக்கொள்ளும். "ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று நாள்தோறும் சொல்லியிருப்பேன். முப்பது பிள்ளைகளுக்குச் சொன்ன நான், என் தம்பியிடம் அதைச் செய்யத் தவறினேன்.

அப்பா 1986-ல் இறந்தார். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கிராமத்து வீட்டில் தம்பிதான் வைத்துப் பார்த்தான். குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, புரட்டிப் படுக்க வைப்பது, இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவான். நான் செஞ்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அழுவேன், ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டுத் திரும்புவேன்.

கருமாதி முடிந்தது. முப்பதாம் நாள் படையலும் முடிந்தது. எனக்கு மனசு லேசாகியிருந்தது. நிறைய அழுதாகிவிட்டது, வேலைக்குத் திரும்பியாகிவிட்டது. மறுநாள் காலை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கிணத்தடிக் கொல்லைய எம் பேருக்கு எழுதிக் குடுத்துடுடா" என்று கேட்டேன். எனக்கும் தேவை இருந்தது, கேட்டதும் அநியாயமில்லை. அவன் தலையைத் தூக்காமல், "அப்பா கட்டிலயே இன்னும் எடுத்து வெக்கலக்கா" என்றான்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "கட்டிலுக்கும் கையெழுத்துக்கும் இன்னாடா சம்பந்தம்?" என்றேன்.

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. என் மகள் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடந்தது. அவன் யாரிடமோ பட்டுப்பாவாடை கொடுத்தனுப்பினான். நான் திருப்பி அனுப்பினேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்தப் பாவாடையை அவன் எந்தக் கடையில், எவ்வளவு நேரம் நின்று தேர்ந்தெடுத்திருப்பான் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

1997-ல் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பாண்டிச்சேரிக்குப் போனேன். அவளோடு சேர்ந்த ஒரு பெண்ணின் அப்பா ஊருக்கு வெளியே சின்னதாகப் பட்டறை வைத்திருந்தார். கோல்டன் பிரிட்ஜில் கற்றவர்களிடம் கற்றவர். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூட்டிப்போனார்கள். முற்றத்தில் செங்கல் சூளை, ஆள் உயரத்தில், வளைந்த முதுகோடு நின்றது. அதன் வாசலைச் செங்கல் அடுக்கி மண் பூசி அடைத்திருந்தது. அந்த மனிதர் போகும்போதும் வரும்போதும் அதன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"திறந்து காட்டேன் தம்பி, உள்ள எப்பிடி வந்துருக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

"இன்னிக்கு முடியாதும்மா. ஆறணும்."

"நெருப்ப அணைச்சு ஒன்ற நாள் ஆச்சுங்கறியே?"

"நெருப்புதாம்மா அணைஞ்சுது. சூடு உள்ளதான இருக்கு."

எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊர் வேளார் வைக்கோலும் வரட்டியும் போட்டு மேலே மண் மெழுகிச் சாயங்காலம் கொளுத்துவார். விடிந்ததும் நான் போய் வெதுவெதுப்பாகவே சட்டியை வாங்கி வந்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"அது சின்னச் சூடும்மா. அந்த மண்ணும் சொரசொரப்பா இருக்கும், உள்ள எடம் இருக்கும், தாங்கிக்கும். இது ஆயிரத்து முந்நூறு போயி நிக்குது. எல்லாம் உருகி ஒட்டிக்கிட்டுக் கெட்டியாயிருக்கு. எவ்ளோ ஏறுச்சோ அவ்ளோ மெதுவாதான் எறங்கணும்."

ஒரு தடவை ஆர்டருக்கு அவசரப்பட்டு ஒரு நாள் முன்னால் திறந்துவிட்டாராம். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்ததும் 'டிங், டிங்' என்று சத்தம். மேல் தட்டில் இருந்த தட்டுகள் வரிசையாக விரிசல் விட்டன. "அதுகூடப் பரவாயில்லம்மா. நல்லா இருக்குன்னு எடுத்து வெச்சது சிலது பத்து நாள் கழிச்சு, யாரும் தொடாமலே அலமாரியில விரிஞ்சு போச்சு."

காரணத்தைப் பிறகு மகள் படித்துச் சொன்னாள். மண்ணில் இருக்கும் வெங்கச்சங்கல் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். ஏறும்போது விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளை அந்த இடத்தை மெதுவாகக் கடந்தால் பாத்திரம் முழுவதும் ஒன்றாகச் சுருங்கும். வேகமாகக் கடந்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் பிளக்கும். எங்கள் பக்கத்தில் கல் உடைப்பவர்கள் பாறைமேல் விறகை எரித்தே பலகை பலகையாகப் பெயர்த்தெடுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் கல் தானே விட்டுக்கொடுக்கும். மலையையே பிளக்கிற வேலை இது.

அன்று திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை. தம்பியின் முகமே கண்ணில் நின்றது. அப்பா செத்ததில் எனக்குப் பட்டது ஞாயிற்றுக்கிழமைச் சூடு. எண்ணூறு டிகிரி. விடிந்தால் கையில் எடுத்துவிடலாம். அவன் நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் விறகு தள்ளிய சூளை. அவனுக்கு அழக்கூட நேரம் இருந்திருக்காது. எனக்கு ஆறிவிட்டது என்பதால் அவனுக்கும் ஆறியிருக்கும் என்று நினைத்து வாசலை இடித்துத் திறந்தேன். ஒரே அப்பா, ஒரே சாவு, ஒரே முப்பது நாள்தான். உள்ளே இருந்த சூடு ஒன்றல்ல.

நம் மொழியில் ஆறுதல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சோறு ஆறும், புண் ஆறும், பசி ஆறும், கோபம் ஆறும், மனசும் ஆறும். துக்க வீட்டுக்குப் போய் நாம் சொல்வதற்கும் அதே பேர்தான். சொல்வதைவிட அது நடப்பதற்கே உரிய சொல் என்று எனக்கு இப்போது படுகிறது. யாரும் யாருக்கும் ஆறுதலைக் கொடுத்துவிட முடியாது, ஆறுகிறவரை கூட இருக்கலாம்.

கூட இருப்பது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஆறட்டும்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். நானே பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். காலம் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றும் நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே. அந்தச் சூளைக்காரர் நெருப்பை அணைத்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடவில்லை. மண் பூச்சில் விரிசல் கண்டால் காற்றுப் புகாமல் குழைத்துப் பூசினார். மணிக்கொரு தரம் கை வைத்துப் பார்த்தார். திறக்கவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பெரிய வேலை. என் வாழ்க்கையில் நான் கற்றவற்றில் இதுதான் கடினமானது, இன்னும் முழுதாக வரவில்லை.

அன்று அவர் விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த சாமான்களிலிருந்துதான் இந்த ஜாடியை வாங்கினேன். மூடி வேகும்போது லேசாகக் கோணிவிட்டதால் கடைக்குப் போகாது என்றார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனி மாதம், மாங்காய் இருந்தது. தம்பிக்குப் பிடித்த கடுகு மாங்காய் போட்டேன். மூடி சரியாக உட்காராததால் வெள்ளைத் துணியில் வேடு கட்டினேன். ஆவணியில் ஒரு நாள் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனேன்.

தம்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அவன் பெண்சாதி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அப்பாவின் கட்டில் திண்ணையில் கிடந்தது. அதில் உட்காரவில்லை, கீழே உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருந்துவிட்டு, ஜாடியை வாசற்படி ஓரம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த மாதமும் போனேன். ஜாடி அடுப்பங்கரைக்குப் போயிருந்தது. அவன் அன்றும் பேசவில்லை, ஆனால் எழுந்து போகவில்லை. மூன்றாம் முறை போனபோது மல்லாட்டை பிடுங்கி முற்றத்தில் கொட்டியிருந்தது. நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். குவியல் பாதி குறைந்திருக்கும்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்க்கா" என்றான், காயைப் பார்த்துக்கொண்டே.

கிணற்றடிக் கொல்லையைப் பற்றி நான் மறுபடி பேசவில்லை. அவனே பயிர் வைத்தான். ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஜாடி மல்லாட்டையோடு என்னிடம் வரும், ஊறுகாயோடு அவனிடம் போகும். ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு முறை என்று பத்தொன்பது ஆண்டுகள் அது அந்தப் பாதையில் போய் வந்துகொண்டிருந்தது.

2016-ல் அவன் போய்விட்டான். காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அவன் பெண்சாதி உள்ளே போய் ஜாடியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். அவன் தோளில் போட்டிருந்த துண்டைக் கிழித்து வேடு கட்டியிருந்தாள். உள்ளே, படுப்பதற்கு முன் கடைசியாக அவன் ஆய்ந்து காயவைத்த மல்லாட்டை. வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன். கார்த்திகை போனது, தை போனது. மகள் ஒரு முறை கேட்டாள், "ஏம்மா, எறக்கித் தரட்டுமா?" வேண்டாம் என்றேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வரும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, மலைக்காற்று சூடாகத் தொடங்கியிருந்தது. முடிச்சை அவிழ்த்தேன்.